மூக்கனும் ஓதக்கீரையும்

மூக்கன் பொய் சொல்லாது. தில்லைநாயகிக்கு அதன்மேல் இருந்த கோபத்துக்கு முதல் காரணமே அதுதான். பொய் சொல்கிற ஆளோடு சண்டை போட்டு ஜெயிக்கலாம். உண்மையை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிற பெட்டியோடு மல்லுக்கட்டி என்ன ஆகப்போகிறது?

பெட்டி ஒரு மரக்கால் அளவுதான் இருக்கும். அடியில் ஒரு ரப்பர் குழாய். அதைக் குட்டைத் தண்ணீரில் விட்டால், வேரோ இலையோ மகரந்தமோ அந்தத் தண்ணீரில் உதிர்த்த செடிகள் அத்தனையின் பெயரையும் பதினோரு நிமிடத்தில் வரிசையாகச் சொல்லிவிடும். அலுவலகக் காகிதங்களில் அதற்கு மூன்று வரி நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. சேற்றில் இறங்கி வேலை செய்கிறவர்கள் மூக்கன் என்றுதான் சொல்வார்கள்.

புதுத் துறைமுகத்திலிருந்து மேற்கே இருநூறு கிலோமீட்டருக்கு, ஆளில்லாத சரக்கு வண்டிகள் ஓட ஒரு தடம் வரப்போகிறது. தடம் போகிற வழியில் அழியும் பட்டியலில் உள்ள காட்டுச்செடி ஒன்று உயிரோடு இருந்தால் தடம் விலகிப் போக வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். அதற்காக இருபது வருடத்துக்கு முன்னால் தில்லைநாயகியும் வெயிலில் நின்று கோஷம் போட்டிருக்கிறாள். ஆனால் எந்தப் பக்கம் விலகுவது, யார் வீட்டின் மேல் ஏறுவது என்பதை மனிதர்களிடம் விட்டால் ஆள் பார்ப்பார்கள், சாதி பார்ப்பார்கள் என்று சொல்லி, அந்த வேலையைக் கணினிக்குக் கொடுத்துவிட்டார்கள். மூக்கன் கண்டதை அனுப்பினால் போதும், விடிவதற்குள் வரைபடத்தில் கோடு தானாக நகர்ந்துவிடும். யாரிடமும் போய் முறையிட முடியாது. அதற்குத்தான் அலுவலகத்தில் நேர்மை என்று பெயர்.

தில்லைநாயகிக்கு ஐம்பத்திரண்டு வயது. தாவரவியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். வேலை என்னவோ ஒப்பந்தத்தில். அவள் பங்குக்கு வந்தது கடலோரம் பதினான்கு கிலோமீட்டர். அதில் இருக்கிற வாய்க்கால், வடிகால், குளம், குட்டை, மழைக்குத் தேங்குகிற பள்ளம் வரைக்கும் ஒன்று விடாமல் மூக்கனை இறக்கிப் பார்க்க வேண்டும். மூன்று வாரமாகப் பார்த்தாள். ஆகாயத்தாமரை, ஆகாயத்தாமரை, விட்டால் காட்டாமணக்கு. எந்தப் பள்ளத்தில் குழாயை விட்டாலும் மூக்கன் கிளிப்பிள்ளை போல அதையே சொன்னது. ஒரு காலத்தில் இருநூறு வகை இருந்த மண் இது என்று புத்தகம் சொல்கிறது. அந்த இருநூறும் எங்கே போயின என்று கேட்க அவளுக்கு ஆள் இல்லை.

இருபத்திரண்டாம் நாள் மத்தியானம், கைவிட்ட இறால் குழிகளுக்கு வந்து சேர்ந்தாள். யாரோ ஒரு காலத்தில் கடல்தண்ணீரை உள்ளே விட்டு இறால் வளர்த்து, மண் கெட்டதும் போட்டுவிட்டுப் போன குழிகள். அக்கம்பக்கத்தில் வீடு கிடையாது, ஆடு மாடு கூட வராது. வரைபடத்தில் தடம் இந்தக் குழிகளின் மேல்தான் போயிற்று. பாழ்நிலம் பாழாய்ப் போனால் யாருக்கு நட்டம்? கரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். தெற்கே இருக்கிற குறிச்சிமேடு என்ற ஊரில் அன்னமயில் என்ற பெண் தடத்து வேலைக்காரர்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறாள். தில்லைநாயகி தினமும் காலையில் அங்கே போய்த்தான் சாப்பாட்டுக் கேரியரை வாங்கிவருவாள். சாப்பிட்டு முடித்துக் கேரியரை அலசி வைத்துவிட்டு, மூக்கனை இறக்கினாள்.

பதினோராவது நிமிடம் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று வாரத்தில் முதல் முறை.

சேற்றுமணிப்பூண்டு.

அந்தப் பெயரைத் தில்லைநாயகி முப்பது வருடமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறாள். ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, ஒரு பழைய தாவரச் சேகரிப்பில் காகிதத்தோடு ஒட்டி உலர்ந்துபோன ஒரே ஒரு கொடியைப் பார்த்தாள். பறித்துத் தொண்ணூறு வருடம் ஆகியிருந்தது, இலையெல்லாம் பொடிந்து காப்பித்தூள் நிறம். அதற்குப் பிறகு உயிரோடு யாரும் பார்க்கவில்லை. எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் கண் அதைத்தான் தேடும். கல்யாணம் ஆகி, புருஷன் போய்ச் சேர்ந்து, மகன் வெளிநாட்டில் குடியேறி, எல்லாம் நடந்தது. இது மட்டும் கிடைக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாள்.

மறுநாள் காலையில் கேரியர் வாங்கக் குறிச்சிமேட்டுக்குப் போனபோது தெருவில் கூட்டமாக இருந்தது. முப்பத்தெட்டு வீடு. முப்பத்தெட்டு வீட்டுக் கைபேசிக்கும் ஒரே செய்தி வந்திருந்தது.

அன்னமயில் வாசலில் கரண்டியும் கையுமாக நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். யாரையும் நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிற பெண்.

"என்னாங்க மேடம் இது? கோடு எங்க தெரு மேல வந்துருச்சாமே. தொண்ணூறு நாள்ல காலி பண்ணணுமாம்."

தில்லைநாயகி கைபேசியை வாங்கிப் பார்த்தாள். கோடு ஒன்றேகால் கிலோமீட்டர் தெற்கே நகர்ந்து, குறிச்சிமேட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனது.

"இறால் குழியில ஒரு செடி கிடைச்சுச்சும்மா. அபூர்வமான செடி. அதுக்காகத்தான் நகர்ந்திருக்கு."

"செடிக்கு எடம் விட்டுட்டு எங்க மேல வருதா?"

"அத நான் முடிவு பண்ணலம்மா. கணினி பண்ணுது."

"கணினிகிட்ட சொன்னது யாரு?"

அன்னமயில் உள்ளே போய்க் கேரியரை எடுத்துவந்து நீட்டினாள். தில்லைநாயகி வாங்கத் தயங்கினாள்.

"புடிங்க மேடம். சோத்து மேல என்னா கோவம் எனக்கு?"

அதன்பிறகு ஆறு நாள் தில்லைநாயகி இறால் குழிகளிலேயே கிடந்தாள். செடியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். முப்பத்தெட்டு வீட்டைத் தின்கிற செடி எப்படித்தான் இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? முழங்காலிட்டுக் கரை ஓரமாகத் தடவித் தடவிப் போனாள். வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. புல் கூட இல்லை. தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். நல்ல தண்ணீரில் வளரும் பூண்டு இந்த உப்பில் ஒரு நாள் தாங்காது என்று அவள் படித்த படிப்பு சொன்னது. மூக்கனோ இருக்கிறது என்று சொல்லிவிட்டது.

ஏழாம் நாள் அலுவலகத்துக்குப் பேசினாள். சடகோபன் என்ற அதிகாரி. கெட்டவர் இல்லை, களைத்தவர்.

"சார், இங்க எதுவும் முளைக்காது. மூக்கன் எங்கயோ தப்பு பண்ணுது."

"மூக்கன் தப்பு பண்ணாது மேடம். தண்ணியில அது இருந்துச்சு, அது சொல்லுச்சு."

"அப்ப புதுக் கோடு போற வழியிலயாவது ஒரு தடவ மூக்கன இறக்கிப் பாக்கறேன். அங்க என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"ரெண்டு கிலோமீட்டருக்குள்ள நகர்ந்தா மறுகணக்கெடுப்பு கிடையாது. விதி எட்டு. வேணும்னா நீங்க திருத்தம் போடலாம். காரணம் எழுதணும். காரணம் சரியா இருந்தா கணினி ஏத்துக்கும்."

"காரணம் தெரிஞ்சா நான் ஏன் சார் உங்ககிட்ட பேசறேன்?"

சடகோபன் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்றேன். மூக்கன் முழுப் பட்டியலையும் உங்களுக்குக் காட்டாது. வயல்ல இருந்து ஓடிவர்ற நெல்லு, உளுந்தெல்லாம் பயிர்னு வடிகட்டிரும். வடிகட்டினத அனுப்பறேன். பாருங்க."

பட்டியல் வந்தது. இறால் குழியின் கரையில் நின்றபடியே படித்தாள். நெல். துவரை. புளி. மிளகாய். கொத்துமல்லி. கறிவேப்பிலை. வெந்தயம். பெருங்காயம்.

பெருங்காயமா?

பெருங்காயப் பால் வடிகிற செடி பனிமலைக்கு அந்தப் பக்கம் வறண்ட குளிர்நாட்டில் முளைப்பது. சோழமண்டலக் கடற்கரையில் எந்தக் குட்டையிலும் எந்தக் காலத்திலும் அது முளைத்தது கிடையாது. தில்லைநாயகி பட்டியலை மறுபடி மேலிருந்து படித்தாள். அது குட்டையின் பட்டியல் இல்லை, சாம்பாரின் பட்டியல். அவள் சாப்பிட்ட சாப்பாடு.

அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பித் தரக் கூடாது. எந்தத் தாயும் மகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லாத விஷயம் அது. கை தானாகச் செய்துவிடும். மற்ற நாளெல்லாம் ஏதாவது ஒரு தெருக்குழாயில் கழுவினாள்; அன்றைக்கு அக்கம்பக்கத்தில் வீடு இல்லாததால் கரையில் குந்தி மூன்று அடுக்கையும் குழித் தண்ணீரில் அலசினாள். அதே இடத்தில் குழாயை விட்டாள். பூட்சை எப்படிக் கழுவ வேண்டும், கையுறையை எப்போது மாற்ற வேண்டும், வலையை எதில் ஊறவைக்க வேண்டும் என்று கையேட்டில் நாற்பது பக்கம் இருந்தது. கேரியரைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தக் கையேட்டை எழுதியவர்கள் மத்தியானம் காகிதத்தில் சுற்றியதைத் தின்றுவிட்டுக் காகிதத்தைக் குப்பையில் போடுகிற ஊர்க்காரர்கள்.

அப்படியென்றால் சேற்றுமணிப்பூண்டும் கேரியரில்தான் வந்தது. மூன்று வாரமாகக் கூட்டில் பருப்போடு குழைந்து கிடந்த கீரை! முப்பது வருடம் தேடிய செடியை அவள் சோற்றில் பிசைந்து சாப்பிட்டிருக்கிறாள். நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொல்லியும் இருக்கிறாள். சிரிப்பு வந்தது. பிறகு தன்மேலேயே ஆத்திரம் வந்து, அங்கேயே நின்று திருத்த மனுவை எழுதினாள். ஒளிக்காமல், கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள். செடி இறால் குழியில் இல்லை. குறிச்சிமேடு அன்னமயில் சமைத்த கீரைக்கூட்டிலிருந்து, என் கவனக்குறைவால் தண்ணீரில் கலந்தது. கோட்டை முன்பிருந்த இடத்துக்கே மாற்றவும். அனுப்பிவிட்டு ஸ்கூட்டரைக் குறிச்சிமேட்டுக்கு விரட்டினாள்.

"அந்தக் கூட்டுல என்ன கீரம்மா போட்டே?"

அன்னமயில் முறத்தை வைத்துவிட்டு ஏறிட்டுப் பார்த்தாள். "ஓதக்கீர. ஏன், வயித்துக்கு ஒத்துக்கலயா?"

"எங்க இருக்கு அது?"

வீடுகளுக்குப் பின்னால் ஊர்த் தண்ணீர் வடிகிற ஒரு நீண்ட பள்ளம். அன்னமயில் வேலி ஓரமாகவே போய் அதைக் காட்டினாள். மற்ற வடிகால்களை மூடியிருந்த ஆகாயத்தாமரை இதில் ஒன்று கூட இல்லை. கரையிலிருந்து கரை வரை பச்சைப் பாயாகப் படர்ந்திருந்தது. காசு அகலத்தில் தடித்த வட்ட இலை, அடியில் லேசாகச் சிவப்பு, கடுகளவு வெள்ளைப் பூ. காப்பித்தூள் நிறத்தில் மட்டுமே அவள் அறிந்திருந்த இலை.

"தாமரைய நாங்க அப்பப்ப வாரிப் போட்ருவோம். விட்டா கீரைய மூடிரும். தெனம் யாராச்சும் எறங்கிக் கிள்ளுவாங்க. கிள்ளலேன்னா தண்டு முத்தி அழுவிப்போயிரும். இதுக்கா இப்புடி நிக்கிறீங்க?"

"இதுதாம்மா அந்த அபூர்வச் செடி. வெந்த கீரைய வச்சுத்தான் மூக்கன் கண்டுபுடிச்சிருக்கு. துண்டு துணுக்கு இருந்தாலே அதுக்குப் போதும்."

இறங்கித் தொட்டுப் பார்க்கத்தான் தில்லைநாயகி செருப்பைக் கழற்றினாள். அதற்குள் கைபேசி அடித்தது. கணினி பதில் அனுப்பிவிட்டது. ஆறு வருடம் கோப்பைத் தூங்கவைத்த பழைய அலுவலகங்கள் எவ்வளவோ தேவலை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

'திருத்தம் ஏற்கப்பட்டது. மேற்படி தாவரம் குறிச்சிமேட்டில் மக்களால் உணவாகப் பயன்படுத்தப்படுவது தங்கள் வாக்குமூலத்தால் உறுதியாகிறது. எனவே அது காட்டுத்தாவரம் அன்று, உணவுப் பயிர். அழியும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. புதிய பாதை குறைந்த தொலைவு உடையது என்பதால் மாற்றம் தேவையில்லை.'

அவள் அதை இரண்டு முறை வாசித்தாள். கண் முன்னால் உயிரோடு செடி, கையில் அதற்குக் காவல் இல்லை என்ற கடிதம். காவலை எடுத்தது அவள் எழுதிய உண்மை. கோடு குறிச்சிமேட்டின் மேலேயே நின்றது. வீடும் போகும், பள்ளமும் போகும்.

"என்னாங்க சொல்லுது?" என்று கேட்டாள் அன்னமயில்.

தில்லைநாயகி எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்க முடியவில்லை. அன்னமயில் முகம் மாறியது.

"நாங்க திங்கிறோம்னு எழுதுனீங்களா?"

"நடந்தத எழுதினேன். உண்மையச் சொன்னா சரியாயிரும்னு நெனச்சேன்."

"எழுதறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா? எங்க அடுப்பப் பத்தி எழுதறீங்க, எங்க பேரப் போட்டு எழுதறீங்க. மொதத் தடவயும் கேக்கல, ரெண்டாந்தடவயும் கேக்கல. படிச்சவங்கதான நீங்க?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே தில்லைநாயகிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"தப்புதாம்மா. கேட்டிருக்கணும்."

அன்னமயில் கைபேசியை எட்டிப் பார்த்தாள். "அதுல கீழ இன்னும் ஏதோ எழுதிருக்கே. அத ஏன் படிக்கல? முழுசாப் படிங்க" என்றாள்.

வழக்கமாக எல்லாக் கடிதத்துக்கும் கீழே வருகிற விதிகள். தில்லைநாயகி சலிப்போடு வாசித்தாள். "பாதையில் உணவுப் பயிர் நின்றால், அறுவடை முடியும் வரை அந்நிலத்திலும் அதைச் சார்ந்த குடியிருப்பிலும் பணி தொடங்கலாகாது. பயிரிடுபவரிடம் கேட்டுக் கடைசி அறுவடைத் தேதியைப் பதிவு செய்யவும். ஏழு நாள் தொடர்ந்து அறுவடை நடக்காவிட்டால் பயிர் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும்."

"அப்புடின்னா?"

"பயிர் நிக்கிற வரைக்கும் கைவைக்க மாட்டாங்க. நெல்லுன்னா அறுத்து முடிச்சதும் வருவாங்க."

"இது நெல்லில்லையே. கீரைக்கு ஏதுங்க கடைசி அறுவட? இன்னிக்குக் கிள்ளுனா நாலாம் நாளு தழையும். எங்க மாமியா அவங்க மாமியாளப் பாத்துக் கிள்ளுனாங்க."

சொல்லிவிட்டு அன்னமயில் நிறுத்தினாள். தில்லைநாயகியும் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் உறைத்தது.

"பயிர் வைக்கிறவங்கள கேட்டு எழுதச் சொல்லிருக்கு" என்றாள் தில்லைநாயகி மெதுவாக. "இந்தத் தடவ கேட்டுட்டே எழுதறேன். சொல்லு, என்ன தேதி போடட்டும்?"

"தேதியே கெடையாதுன்னு போடுங்க."

படிவம் அதை ஏற்கவில்லை. கட்டத்தில் தேதி கட்டாயம் வேண்டும் என்றது. நிலம் யாருடையது என்ற கேள்வி நல்லவேளையாகப் படிவத்தில் இல்லை. இருந்திருந்தால் வடிகால் புறம்போக்கு என்று எழுதிக் கதை முடிந்திருக்கும். தில்லைநாயகி காலண்டரைத் தள்ளிக்கொண்டே போனாள். அது ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் வருடம் மார்கழியோடு நின்றது. அதற்குமேல் போக அதற்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் கலந்து பேசி அதையே போட்டார்கள்.

மறுநாள் சடகோபன் பேசினார். "மேடம், கடைசி அறுவடைத் தேதின்னு என்னமோ போட்டிருக்கீங்க."

"பயிர் வச்சவங்க சொன்ன தேதி சார். விதிப்படி கேட்டுத்தான் எழுதினேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "கணினி ஏத்துக்கிச்சு. அத்தன வருஷம் காத்திருக்க எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டுப் பாத்துட்டு, காலைலயே கோட்டப் பழைய எடத்துக்கு நகர்த்திருச்சு. எனக்கும் ஒரு தகவல் வந்திருக்கு. உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட சரி. தண்ணி மாதிரியக் கெடுத்ததுக்காக."

"தெரியும் சார்."

குறிச்சிமேட்டுக்கு வீடு மிஞ்சியது. கூடவே ஒரு தண்டனையும் வந்து சேர்ந்தது. நேற்று வரை தோன்றியபோது இறங்கிக் கிள்ளிய கீரையை இனிமேல் கட்டாயம் கிள்ள வேண்டும், படம் எடுத்துப் பதிய வேண்டும். ஏழு நாள் விட்டால் கோடு திரும்பி வந்துவிடும். காய்ச்சல் என்றாலும் இழவு என்றாலும் யாராவது ஒருத்தி சேற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும். பிடித்துச் சாப்பிட்ட கீரை இப்போது பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது என்று அன்னமயில் கைபேசியில் புலம்புவாள். தில்லைநாயகி நகரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே அதைக் கேட்பாள். சேற்றுமணிப்பூண்டைக் கண்டுபிடித்தேன் என்று அவள் எழுதிய கட்டுரையை எல்லாரும் திருப்பி அனுப்பினார்கள். பட்டியலில் இல்லாத பயிரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி.

ஐப்பசியில் ஒரு நாள் அன்னமயில் கூப்பிட்டாள்.

"ஆறு நாளா அடமழ. பள்ளத்துல ஆள் முங்குற தண்ணி. யாரும் எறங்கல. இன்னும் முழுசா வடியல, நாளைக்குத்தான் எறங்க முடியும். நாளைக்கு எங்க நாத்தனா மவளுக்குக் கல்யாணம், தெருவே வேன்ல போவுது. மாப்ள ஊரு தூரம், விடிய கெளம்பணும். நாளையோட ஏழு நாளு. உங்களாலதான இந்தப் பாடு? வந்து ஒரு நாளு கிள்ளுங்க."

தில்லைநாயகி விடுப்புச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தாள். போய்ச் சேர்ந்தபோது வேன் கிளம்பத் தயாராக நின்றது. பட்டுப்புடவையைக் கொசுவத்தோடு தூக்கிப் பிடித்தபடி அன்னமயில் பள்ளம் வரைக்கும் வந்தாள். தில்லைநாயகி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். முழங்கால் வரை சேறு குளிர்ந்தது. மழைக்குத் தப்பிய கொடிகள் தண்ணீருக்கு மேல் துளிர்த்திருந்தன. முதல் முறையாக ஓர் இலையைத் தொட்டாள். குழந்தையின் காது மடல் போல மெத்தென்று இருந்தது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. காகிதத்தில் தொண்ணூறு வருடம் ஒட்டிக் கிடந்ததை நினைத்து முப்பது வருடம் தேடியவள், உயிரோடு இருப்பதைக் கிள்ள வேண்டும்.

"என்னா யோசன? நுனியக் கிள்ளுங்க. வேரோட இழுத்துராதீங்க."

"மனசு வரலம்மா."

"கிள்ளுனாத்தான் அது இருக்கும். எத்தன தடவ சொல்றது உங்களுக்கு?"

தில்லைநாயகி நகத்தை வைத்துக் கிள்ளினாள். மெல்லிய சத்தத்தோடு தண்டு உடைந்து விரலில் பால் போல ஏதோ கசிந்தது. அவள் படித்த எந்தக் குறிப்பிலும் அந்தப் பால் எழுதப்பட்டிருக்கவில்லை. அன்னமயில் கரையிலிருந்து படம் எடுத்து, கைபேசியை அவளிடம் நீட்டினாள். இன்றைக்கு அறுத்தவர் பெயர் என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தில்லைநாயகி தன் பெயரை எழுதினாள். பட்டத்தைச் சேர்க்கக் கட்டத்தில் இடம் இல்லை.

வேன்காரர் ஹாரன் அடித்தார். அன்னமயில் கைபேசியை வாங்கிக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் திரும்பி, "நாலு பிடி போதும், மிச்சத்த நாலு நாளைக்கு விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். தில்லைநாயகி குனிந்து அடுத்த நுனியைத் தேடினாள்.